இருவர் மட்டும் போகும் ஐந்து நாள்: திரும்பி வரும் வாரத்தையும் சேர்த்துத் திட்டமிடுவது

கைக்குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு நான்கைந்து நாள் ஓய்வெடுக்கப் போகும் தம்பதிகள் பெரும்பாலும் கிளம்பும் நாளைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். டிக்கெட், அறை, பெட்டி எல்லாம் அதிலிருந்தே தொடங்குகின்றன. ஆனால் காலண்டரில் முதலில் வட்டமிட வேண்டியது திரும்பி வரும் நாள். எடுத்த ஓய்வு நிற்பதும் கரைவதும் வீடு திரும்பிய முதல் வாரத்தில்தான். பிள்ளை பிடியை விட்டு நிற்பது, முதல் அடி வைப்பது, முதல் சொல் சொல்வது, முதல் பிறந்தநாள் என்று எல்லாம் வரிசை கட்டி வருவதும் பெரும்பாலும் அதே பருவத்தில்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்காதவர்கள் லீவு முடிந்த பத்தாம் நாளில் போனபோது இருந்ததைவிடக் களைத்துப் போகிறார்கள்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. நெதர்லாந்தில் யெசிகா தே ப்ளூமும் அவரது குழுவினரும் நீண்ட கோடை விடுமுறைக்குப் போன 54 பணியாளர்களை விடுமுறைக்கு முன்பும் நடுவிலும் பின்பும் தொடர்ந்து கவனித்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரியாக 23 நாள் விடுமுறை. உடலும் மனமும் நன்றாக இருக்கும் உணர்வு ஏறிக்கொண்டே போய் எட்டாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. அதே குழு நான்கைந்து நாள் குறுகிய விடுமுறைகளையும் பார்த்தது; அங்கேயும் ஏற்றம் இருந்தது, அதுவும் சீக்கிரமே கரைந்தது. மூன்று வாரம் போனாலும் ஐந்து நாள் போனாலும் இறங்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், சின்னப் பிள்ளை வீட்டில் இருக்கும்போது நீண்ட பயணத்துக்கு ஏங்கத் தேவையில்லை. வருடத்துக்கு ஒரு பெரிய பயணத்தைவிட, நான்கு மாதத்துக்கு ஒருமுறை நான்கு இரவு போய் வருவது இந்தக் கட்டத்தில் நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஏழு நாள் லீவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் பயணத்தில் போய்விடும். ஆறாம் நாள் பகலில் வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும். ஏழாம் நாள் எங்கும் போகாமல் வீட்டிலேயே. வெளியூரில் முழுதாகக் கிடைப்பது நான்கு நாள். ஏழாம் நாள் இரவு வந்து இறங்கி மறுநாள் காலை ஆபீஸ் போகும் திட்டம் ஒரு நாளைக் கூட்டித் தருவது போலத் தெரியும். அந்த ஒரு நாளுக்கு ஈடாக ஒரு வாரத் தூக்கம் போகும். வீட்டுக்கு வரும் நேரத்துக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளை தூங்கும் நேரத்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் முன்பாக வந்துவிட வேண்டும். வழியில் தாமதமாகி, பிள்ளை தூங்கிய பிறகே வந்து சேர்ந்தால் எழுப்பாதீர்கள். பக்கத்தில் படுத்துவிடுங்கள், காலையில் கண் விழிக்கும்போது முகத்தைப் பார்க்கட்டும்.

கிளம்புவதற்கு முன்

பிள்ளைக்கு என்ன வயது என்பதைப் பொறுத்துப் பிரிவின் தன்மையே மாறும். ஏறக்குறைய எட்டு மாதத்தில் பிரிவுப் பதற்றம் தொடங்குகிறது. பத்து மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை உச்சத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாதவர் இல்லாமல் போய்விடவில்லை, எங்கோ இருக்கிறார் என்பது அந்த வயதில்தான் பிள்ளைக்குப் பிடிபடுகிறது. எங்கோ இருக்கிறார் என்று தெரிவதால்தான் அழுகை. எப்போது வருவார் என்பது மட்டும் இன்னும் தெரியாது. அதனால் இந்த வயதில் போகவே கூடாது என்று சொல்லமாட்டோம். படிப்படியாகப் போக வேண்டும். முதலில் ஒரு இரவு. இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டு இரவு. அந்த இரண்டும் சரியாகப் போனால் மட்டும் நான்கு இரவு. முதல் பிரிவே ஐந்து நாளாக இருந்தால், அந்த ஐந்து நாளும் இருவரின் மனமும் வீட்டிலேயே கிடக்கும்.

பிள்ளையைத் தாத்தா பாட்டி வீட்டில் கொண்டுபோய் விடுவதைவிட, அவர்கள் பிள்ளையின் வீட்டுக்கு வந்து தங்குவது நல்லது. அதே படுக்கை, அதே விளக்கு, அதே வாசனை இருக்கும். மாறுவது ஆள் மட்டும். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே அவர்கள் வந்துவிட வேண்டும். அந்த மூன்று இரவும் தூங்கவைப்பது அவர்கள் வேலை; அம்மா அப்பா வேறு அறையில் இருக்க வேண்டும், அழுதாலும் பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் போனால் எந்தப் பாட்டும் எந்தத் தட்டலும் பிள்ளையைத் தூங்கவைக்கிறது என்பதைப் பாட்டி முதல் நாள் இரவு இரண்டு மணிக்குத் தன்னந்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் நழுவிப் போவது பெரியவர்களுக்கு வசதி. பிள்ளைக்கோ, எந்த நேரத்திலும் அம்மா மறைந்துபோகலாம் என்ற பாடம். திரும்பி வந்த பிறகு குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டி அழுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். முகத்தைக் காட்டி, ஒரே வாக்கியத்தைச் சொல்லி, கையசைத்துவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் இருந்து இரண்டாம் முறை திரும்பி வந்து கொஞ்ச வேண்டாம்.

பார்த்துக்கொள்பவரிடம் ஒரு காகிதம் இருக்க வேண்டும். தூங்கும் நேரம், உணவு நேரம், மருத்துவரின் எண் எல்லாம் யாரும் எழுதுவார்கள். விட்டுப்போவது காய்ச்சல் மருந்தின் விவரம். பாராசிட்டமால் குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்துத்தான் தரப்படுகிறது: பொதுவாகக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. தவறு நேர்வது பாட்டில் மாறும்போது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 அல்லது 250 மில்லிகிராம் என்று இருக்கும். சிரப்புக்கு எழுதிய மில்லி அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் மருந்து இரண்டு முதல் நான்கு மடங்குக்குப் போய்விடும். அதனால் மருத்துவரிடம் பிள்ளையின் இப்போதைய எடைக்கு அளவு கேட்டு, அந்தப் பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் இருக்கும் மற்றப் பாட்டில்களை எடுத்து ஒளித்துவிடுங்கள். தடுப்பூசிப் புத்தகமும், அவசர சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்து இருவரும் கையெழுத்திட்ட கடிதமும் அதே உறையில் இருக்கட்டும்.

தாத்தா பாட்டி வரும்போது அவர்களுடைய மாத்திரைகளும் வீட்டுக்குள் வருகின்றன. கிழமை வாரியாகப் பிரித்த மாத்திரை டப்பாக்கள் குழந்தை திறக்க முடியாதபடி செய்யப்பட்டவை அல்ல. பெரும்பாலும் கைப்பையில், கைப்பை தரையில். ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஒன்றே போதும் ஒரு கைக்குழந்தையை ஆபத்தில் தள்ள. காது கேட்கும் கருவியின் பட்டன் பேட்டரி, ரிமோட்டின் பேட்டரி இரண்டையும் அப்படியே கருத வேண்டும்: உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே கடுமையாகச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். வந்த முதல் மணி நேரத்திலேயே கைப்பைகளுக்கு உயரமான ஒரு ஆணியைக் காட்டிவிடுங்கள். பெரியவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. காரணத்தைச் சொன்னால் நம்மைவிட அவர்கள்தான் அதிகக் கவனமாகிவிடுகிறார்கள்.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை என்றால் கணக்கு வேறு. ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி அளவுக்குத் தேவைப்படும். ஐந்து நாளுக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர். அவ்வளவு சேர்த்து வைப்பதற்குப் படும் பாட்டில் லீவின் பயனே போய்விடும். அந்த வயதில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவதுதான் சரி. ஒரு வயதை நெருங்கும் பிள்ளைக்கு வேறு உணவும் பழகியிருப்பதால் சேர்க்க வேண்டிய பால் கை எட்டும் அளவிலேயே இருக்கும். எடுத்த பாலை 60 முதல் 120 மில்லி வரையிலான சிறு பைகளில், தேதி எழுதி உறையவையுங்கள். புதிதாக எடுத்த பால் 25 டிகிரிக்கு மிகாத அறையில் நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். உறைந்த பாலை ஃப்ரிட்ஜில் வைத்து முழுவதும் உருகியதும் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உறையவைக்கக் கூடாது. பிள்ளை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

போகிற இடத்திலும் பம்ப் கையில் இருக்க வேண்டும். பிள்ளை வழக்கமாகக் குடிக்கும் நேரங்களில் பாலை எடுத்துவிடாமல் இருந்தால் முதல் நாள் இரவே மார்பு கல்லாகிக் காய்ச்சல் வரலாம், சில நாளில் பால் குறையத் தொடங்கலாம். முழுதாக எடுக்க முடியாவிட்டாலும் பாரம் குறையும் அளவுக்காவது எடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் சில பிள்ளைகள் மார்பைத் தள்ளிவிடும். அதைப் பால் மறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பசியில் வைத்து வழிக்குக் கொண்டுவர முயலவும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில், இருட்டான அறையில், தோலோடு தோல் படும்படி அணைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும்.

போன இடத்தில்

ஒரே ஊர், ஒரே அறை, ஒரே படுக்கை. இரண்டு இரவுக்கு ஒருமுறை இடம் மாற்றும் பயணம் ஊர் பார்க்க நல்லது, ஓய்வுக்கு ஆகாது. புதிய இடத்தில் முதல் இரவு தூக்கம் கெடுவது பழைய செய்தி. ஏன் என்பதை 2016இல் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது: முதல் இரவில் மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை, காவல் இருக்கிறது. இடம் மாறினால் அந்தக் காவலும் மறுபடி தொடங்கும். நான்கு இரவில் ஒரு முதல் இரவு போதும். சொந்தத் தலையணை உறையை எடுத்துப்போவது சின்ன விஷயம்தான், செய்துபாருங்கள்.

ஓய்வு என்றால் படுத்துக் கிடப்பது மட்டும் அல்ல. உளவியலாளர்கள் சபீனே சோனென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007இல் களைப்பிலிருந்து மீள்வதை நான்காகப் பிரித்துச் சொன்னார்கள்: வேலையின் நினைவிலிருந்து மனம் விலகுவது, உடல் தளர்வது, புதிதாக ஒன்றைக் கற்றுக் கைவரப்பெறுவது, நேரம் தன் கையில் இருப்பது. சின்னப் பிள்ளையின் பெற்றோருக்கு இந்த நான்கில் மிகப் பஞ்சமாக இருப்பது கடைசி. எப்போது சாப்பிடுவது, எப்போது குளிப்பது என்பதைக்கூட ஒரு வருடமாகப் பிள்ளைதான் முடிவு செய்திருக்கும். அதனால் நாள் முழுவதும் நிகழ்ச்சிகளை முன்பதிவு செய்துவிட்டுப் போவது ஒரு எஜமானை விட்டு இன்னொரு எஜமானிடம் போவதுதான். முற்பகலில் இருவரும் சேர்ந்து. மதியத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவரவர் தனியாக. மாலையில் மறுபடி சேர்ந்து. அந்தத் தனி இரண்டு மணி நேரத்தை அன்புக் குறைவு என்று யாராவது எடுத்துக்கொண்டால் கிளம்பும் முன்பே பேசித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடமாகத் தனிமையே கிடைக்காதவருக்கு அது மருந்து.

போனில் ஒருவரின் எண் மட்டும் எப்போதும் திறந்திருக்கட்டும். மற்றவரின் போன் பெட்டிக்குள். நாளுக்கு நாள் மாற்றிக்கொள்ளலாம். பதினெட்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாதமி 2016இல் பரிந்துரைத்தபோதும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஆனால் எந்த நேரத்தில் அழைப்பது என்பதைப் பார்த்துக்கொள்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். வயிறு நிறைந்து, தூங்கி எழுந்து, தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் மூன்று நான்கு நிமிடம் போதும். தூங்கப் போகும் நேரத்தில் முகத்தைக் காட்டினால் அன்றைய இரவு பாட்டிக்கு விடியாது. முகத்தைப் பார்த்ததும் பிள்ளை தேம்பினால் உடனே நிறுத்திவிட்டு, மறுநாள் முதல் அவர்கள் எடுத்து அனுப்பும் வீடியோவை மட்டும் பாருங்கள். ஏக்கம் நம்முடையது, அதைத் தீர்க்கப் பிள்ளையைக் கலைக்கக் கூடாது.

பலரும் கோட்டைவிடுவது தூக்கத்தில். முதல் இரண்டு நாள் காலை ஒன்பது மணி வரை தூங்குவார்கள், ஒரு வருடக் கடன் அது, தூங்கத்தான் வேண்டும். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அப்படியே தொடர்ந்தால் உடம்பின் கடிகாரம் நகர்ந்துவிடும். வீட்டில் பிள்ளை ஐந்தரைக்கு எழுந்துவிடும். விமானத்தில் ஏறாமலே, கடிகாரம் மூன்றரை மணி நேரம் முந்தி ஓடும் கிழக்கு ஊருக்குப் பறந்து வந்த நிலை. அதனால் கடைசி இரண்டு காலைகளில் அலாரம் வைத்து முன்கூட்டியே எழுந்து, எழுந்ததும் வெளியே வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடங்கள். முந்தைய இரவு அதற்கேற்ப முன்னதாகப் படுங்கள். தூக்கம் போதவில்லை என்றால் மதியம் தூங்கி ஈடுகட்டலாம்.

வெயிலில் இருக்கும் இடம் என்றால் எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத வெயில் தடுப்புப் பூச்சை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடியும் பூசுங்கள். பெரியவர் ஒருவரின் உடம்பு முழுவதற்கும் ஒரு தடவைக்கு 30 மில்லி அளவு பிடிக்கும், பெரும்பாலோர் பூசுவது அதில் பாதி கூட இராது. தோள் வெந்து திரும்பினால் ஓடி வரும் பிள்ளையைத் தோளில் போட முடியாது. அந்த ஒரு காரணமே போதும்.

வாசலில்

பெட்டிகளை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு உள்ளே போங்கள். பெட்டியைப் படுக்கையில் வைத்துப் பிரிக்க வேண்டாம். மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அப்படித்தான். துணிகளைப் பையோடு கொண்டுபோய் நேரே இயந்திரத்தில் போடுங்கள். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதிகச் சூட்டில் முப்பது நிமிடம் ஓடவிட்டால் முட்டையும் மிஞ்சாது. கையைக் கழுவிவிட்டுத் தரையில் உட்காருங்கள், பிள்ளையின் உயரத்துக்கு. பிறகு காத்திருங்கள்.

நான்கு விதமாக நடக்கலாம். ஓடி வரும். அழும். ஒரு பார்வை பார்த்துவிட்டு விளையாட்டைத் தொடரும். பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். கடைசி இரண்டும்தான் பெற்றோரை நொறுக்கும். மறந்துவிட்டானோ, வெறுக்கிறாளோ என்று. பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் இருந்த சிறு குழந்தைகளை 1950களில் கவனித்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்: முதலில் எதிர்ப்பு, பிறகு சோர்வு, அதன் பிறகு ஒட்டாமை. அந்தக் குழந்தைகள் பட்டது மிகப் பெரிய பிரிவு. அன்பான கைகளில், சொந்த வீட்டில் இருந்த பிள்ளையின் ஐந்து நாளை அதனோடு ஒப்பிட முடியாது. என்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குக் காரணம் மறதி அல்ல என்பதைப் புரிந்துகொள்ள அது உதவும். பாட்டியிடமிருந்து பிடுங்காதீர்கள். பாட்டி அருகில் வந்து உட்காரட்டும். நீங்கள் பாட்டியோடு பேசுங்கள், சிரியுங்கள். பத்து நிமிடத்திலோ ஒரு மணி நேரத்திலோ ஒரு சின்னக் கை வந்து முழங்காலைத் தொடும்.

இதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தோன்றுவதில்லை. பெற்றோர் வந்த அன்றைக்கே தாத்தா பாட்டி கிளம்பிவிடக் கூடாது. ஐந்து நாளாக ஊட்டியவர், தூங்கவைத்தவர், இரவில் எழுந்தவர் சட்டென்று காணாமல் போவது பிள்ளைக்கு அதே வாரத்தில் இரண்டாவது பிரிவு. இரண்டு நாள் கூட இருக்கட்டும். முதல் இரவு அவர்கள் தூங்கவைக்க, அம்மா பக்கத்தில் இருக்கட்டும். மறு இரவு அம்மா தூங்கவைக்க, பாட்டி பக்கத்தில். மூன்றாம் நாள் பகலில், முகம் காட்டி, கையசைத்துப் போகட்டும். அந்த இரண்டு நாளில் அவர்களுக்குச் சமைப்பதும் துவைப்பதும் நம் வேலை, அவர்களும் களைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஒன்றிரண்டு வாரம் இரவில் அடிக்கடி விழிப்பதும், இடுப்பை விட்டு இறங்க மறுப்பதும் இருக்கும். தூங்கும் நேரத்தை மட்டும் மாற்றாமல் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக அடங்கும். பால் மறக்கவைப்பது, தனி அறைக்கு மாற்றுவது, புதிய காப்பகத்தில் சேர்ப்பது போன்ற எதையும் இந்த இரண்டு வாரத்தில் தொடங்காதீர்கள். லீவுக்குப் பிறகு புத்துணர்ச்சியோடு இருக்கிறோமே, இப்போதே செய்துவிடலாம் என்று தோன்றும். பிள்ளைக்கு அந்தப் புத்துணர்ச்சி இல்லை.

முதல் அடி யார் கண்ணில் பட்டது

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, பிடிக்காமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், கைகளும் முழங்கால்களும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5, பிடியை விட்டு நிற்பது 6.9 முதல் 16.9, தானாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். எல்லாம் ஆரோக்கியமான குழந்தைகளிடம் கண்டவை. நூறில் நான்கு குழந்தைகள் அப்படித் தவழாமலே அடுத்த கட்டத்துக்குப் போயின. நடப்பதற்கான காலம் ஒன்பது மாதத்துக்கும் மேலாக விரிந்து கிடக்கிறது. சராசரி ஒரு வயதை ஒட்டி. பதினொன்று, பன்னிரண்டு மாதத்தில் ஐந்து நாள் வெளியே போனால், அந்த ஐந்து நாளுக்குள் முதல் அடி விழலாம். இதைக் கிளம்பும் முன்பே இருவரும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அப்படி விழுந்தால் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா? பெற்றோர் வருந்துவார்கள் என்று பாட்டி மறைத்து, வந்த பிறகு "இதோ, இப்போதுதான் முதல்முறை" என்று நடக்கவைப்பது அன்பின் பொய். எங்கள் முடிவு: சொல்லிவிட வேண்டும், தேதியோடு. அது பாட்டிக்குக் கிடைத்த பேறு. அதை ஒளித்துவைக்கும்படி அவரிடம் கேட்பது நியாயமில்லை. தவிர, முதல் அடி என்பது ஒரே ஒரு நொடி அல்ல. இன்று இரண்டு அடி வைக்கும், நாளை ஒன்றும் வைக்காது, நான்காம் நாள் மறுபடி மூன்று அடி. ஆய்வாளர்கள் நடை தொடங்கியதாகக் கணக்கிடுவதே பெரும்பாலும் மூன்று மீட்டர் தூரத்தை நிற்காமல் கடக்கும் நாளைத்தான். காரென் அடால்ஃபும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைத்தன, 17 முறை விழுந்தன. தவறவிட்டது இரண்டு அடி. வரப்போவது ஆயிரக்கணக்கில். குறிப்பேட்டில் மூன்று தேதி எழுதுங்கள்: முதல் அடி, தொடர்ந்து மூன்று அடி, அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். மூன்றில் ஒன்றாவது உங்கள் கண்முன் நடக்கும்.

படம் எடுப்பவர் யாராக இருந்தாலும், போனைப் பிள்ளையின் முழங்கால் உயரத்தில் படுக்கைவாட்டில் பிடித்து, இருபது முப்பது வினாடி எடுக்கச் சொல்லுங்கள். கேமராவைப் பார்க்கும்படி அழைக்கக் கூடாது, அழைத்தால் உட்கார்ந்துவிடும். அரட்டைச் செயலி வழியே வந்த வீடியோவைச் சேமித்துவைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது, எடுத்த தேதி உதிர்ந்து அனுப்பிய தேதி ஒட்டிக்கொள்கிறது. பத்து வருடம் கழித்து எது எப்போது என்று தெரியாது. தாத்தா பாட்டி ஊருக்குக் கிளம்பும் முன் அவர்கள் போனிலிருந்து மூலக் கோப்பையே கம்பி வழியாக எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைப் போடுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

பிள்ளை ஐந்து நாளில் வளர்ந்திருக்கும், வீடு வளர்ந்திருக்காது. தவழும் பிள்ளையாக விட்டுப்போனதை எழுந்து நிற்கும் பிள்ளையாகப் பார்ப்பீர்கள். கம்பித் தொட்டிலில் மெத்தை உயரத்தில் இருந்தால் முதல் இரவே தலைகுப்புற விழும். அதனால் போகும் முன்பே வீட்டை அடுத்த கட்டத்துக்குத் தயார் செய்துவிட்டுப் போங்கள். மெத்தையைக் கடைசித் தட்டுக்கு இறக்குவது, அலமாரியைச் சுவரோடு பிணைப்பது, மேசை விரிப்பை எடுப்பது, படிக்கட்டின் மேலும் கீழும் தடுப்பு வைப்பது. சக்கரம் வைத்த நடைவண்டியில் உட்காரவைப்பது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை; படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடுவதற்கு வழி செய்கிறது. கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. வெறுங்காலோடு, வழுக்காத தரையில், சோபாவைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும்.

திரும்பிய பிறகு தூக்கம் பின்னுக்குப் போனாலோ, கோப்பையில் குடித்த பிள்ளை மறுபடி பாட்டில் கேட்டாலோ, சிறுநீர் சொல்லிப் போன மூத்த பிள்ளை உடையை நனைத்தாலோ இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம். வேறு சிலவற்றில் பொறுக்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகியும் நடக்காதது. எந்த வயதிலும், சொல்லிக்கொண்டிருந்த சொற்களோ செய்துகொண்டிருந்த அசைவோ இல்லாமல் போவது. இவற்றைப் பயணத்தின் தலையில் போட்டுக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிறந்தநாளோ பெரியவர்களின் திருமண நாளோ திரும்பி வரும் வாரத்தில் விழுந்தால், விருந்தைக் குறைந்தது பத்து நாள் தள்ளிவையுங்கள். ஒரு வயதுப் பிள்ளைக்குத் தேதி தெரியாது. அறை நிறைய முகங்கள் இருப்பதும், தன்னைக் கை மாற்றி மாற்றித் தூக்குவதும் தெரியும். அப்போதுதான் அம்மாவிடம் ஒட்டத் தொடங்கியிருக்கும் பிள்ளையை இருபது கைகளுக்குக் கொடுப்பது சரியல்ல. பகல் தூக்கம் முடிந்து எழுந்த நேரத்தில் தொடங்கி, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள்.

தாத்தா பாட்டி கிளம்பும் முன் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, அவர்கள் வைத்திருந்த குறிப்பேட்டைச் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். எந்த இரவு கடினமாக இருந்தது, எந்த உணவைத் துப்பியது, எழுதிக்கொடுத்த காகிதத்தில் எது விட்டுப்போயிருந்தது என்று கேளுங்கள். நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லி நகர்ந்தால் விடாதீர்கள். எந்த நேரத்தில் உங்களுக்கு முடியாமல் போயிற்று என்று அன்பாகத் திருப்பிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கடைசிப் பக்கத்தில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நான்கு மாதம் கழித்து அடுத்த பயணத்துக்கு எழுதும் காகிதத்தின் முதல் வரி அதுதான்.